பேஸைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்: திருமலையில் கோட்லஸ் போன் வாங்குவோருக்கு

வீட்டுக்கு நாலைந்து செட் (கையில் எடுத்துப் பேசும் போன்) உள்ள கோட்லஸ் போன் வாங்க யோசிப்பவர்கள், காசு கொடுக்கும் முன் பேஸை, அதாவது ரெலிபோன் லைனில் கொழுவும் பெட்டியை, கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசியுங்கள். அதில் "டெக்ட் 6.0" (DECT 6.0) என்றும், அடப்டரில் 120 வோல்ட், 60 ஹேட்ஸ் என்றும் இருந்தால் அது அமெரிக்காவில் விற்பதற்கென்று செய்த சாமான். இங்கே அதோடு மாரடிக்கத்தான் வேண்டிவரும். அப்படி ஒன்றை, அதுவும் யாரோ பாவித்துக் கழித்ததை, புத்தம் புதுசு என்று சொல்லி திருகோணமலை நகரில் ஒரு கடை எங்கள் தலையில் கட்டிவிட்டது. விலை 32,000 ரூபாய். முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் லேன்ட்லைன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீடு உவர்மலையில். முன்னும் பின்னுமாக நீண்ட பழைய வீடு, பிறகு மேலே ஒரு தட்டு கட்டினோம். அம்மா பின்னறையில் இருக்கிறார். முழங்கால் ஏலாது, அங்கிருந்து கூப்பிட்டால் முன் ஹோலுக்குக் கேட்காது. டச் போன் அவருக்குப் பிடிபடவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் ஏதோ திறக்கிறது என்று சலித்து வைத்துவிடுவார். 026இல் தொடங்கும் எங்கள் வீட்டு நம்பர்தான் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். கனடாவில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து எடுக்கும்போது இங்கே விடிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அம்மாவை ஹோலுக்கு நடத்திக் கூட்டிவருவது பெரும்பாடு.

பல செட் உள்ள கோட்லஸ் போன் இப்படியான வீட்டுக்கு மிகவும் உதவும். அதை நான் இன்னமும் சொல்வேன். பேஸ் ஒன்றை மட்டும் ரெலிபோன் வயரில் கொழுவினால் போதும். மற்றச் செட்டுகளின் சார்ஜர்களுக்குக் கரண்ட் மட்டும் வேண்டும், லைன் வேண்டாம். எங்கிருந்தும் அழைப்பை எடுத்து அடுத்த அறைக்கு மாற்றலாம். எங்களுக்கு அதைவிடப் பெரிய வசதி இன்டர்கொம். அம்மா ஒரு பட்டனை அழுத்தினால் குசினியில் இருக்கும் செட் அடிக்கும். மேல்தட்டில் தங்கச்சி குடும்பம். அவர்களையும் அப்படியே கூப்பிடலாம். இதற்குத்தான் வாங்கப் போனோம்.

முகநூலில் விளம்பரம் பார்த்துத்தான் அந்தக் கடைக்குப் போனோம். "பிராண்ட் நியூ" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். "அக்கா, இது அமெரிக்காவிலிருந்து நேரே வந்த சாமான், ஒரிஜினல். ஒரு வருச வரண்டி. கரண்ட் போனாலும் வேலை செய்யும். கேட்டுக்கு வெளியால, அடுத்த ஒழுங்கைக்குப் போய் நின்று கதைத்தாலும் தெளிவாகக் கேட்கும்" என்றார். பெட்டியில் டேப் திரும்ப ஒட்டின மாதிரி இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். "சுங்கத்தில் திறந்து பார்ப்பார்கள் அண்ணா, எல்லாப் பெட்டியும் இப்படித்தான்" என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தயாராக இருந்தது.

அமெரிக்க பிளக் நம் சுவருக்குப் பொருந்தாது, வோல்ட்டும் வேறு. அதற்கென்று ஒரு சின்ன டிரான்ஸ்போமரை 4,500 ரூபாய்க்குத் தந்தார். அது பேஸுக்கு. மற்றச் சார்ஜர்களுக்கு இங்கத்தைய அடப்டர்கள் போட்டுத் தருகிறேன் என்று தானே வயரை வெட்டி ஒட்டித் தந்தார். பில் கேட்டபோது ஒரு துண்டுக் கடதாசியில் "போன் செட் 1" என்று எழுதி, "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற ரப்பர் முத்திரையைக் குத்தினார். மொடல் நம்பரை எழுதச் சொன்னதற்கு, பெட்டியிலேயே இருக்கிறதுதானே என்றுவிட்டார்.

ஆரம்பத்தில் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பியது. சார்ஜரில் இருந்த செட்டை எடுத்துக் காதில் வைத்தால் சூடு. "பிள்ளை, இது காய்ச்சல்காரர் மாதிரிக் கொதிக்குது" என்று அம்மா சொன்னார். இரவு முழுவதும் சார்ஜில் கிடந்த செட் மத்தியானத்துக்குள் செத்துவிடும். அழைப்பு நடுவில் அறுந்துபோகும். அடுத்த ஒழுங்கை இருக்கட்டும், மேல்தட்டு பல்கனியிலேயே இரைச்சல்.

ஒரு நாள் இரவு அம்மா பாத்ரூம் போக எங்களைக் கூப்பிட இன்டர்கொமை அழுத்தியிருக்கிறார். செட்டில் வெளிச்சமே இல்லை. எவ்வளவோ நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு, சரி, தானே போவோம் என்று எழும்பி, கதவு நிலையடியில் விழுந்துவிட்டார். நல்ல காலம் எலும்பு முறியவில்லை, கை மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் சரியாகத்தான் அமத்தினேன் பிள்ளை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான். 32,000 ரூபாயை உழைத்துக்கொள்ளலாம்.

கடைக்குக் கோல் எடுத்தால், "கடல் காற்று அக்கா, திருமலையில் எந்தச் சாமானும் இப்படித்தான்" என்று பதில். இதைப் பலரிடம் சொல்லித் தப்புகிறார்கள் போல. உப்புக் காற்று உண்மைதான். செட்டின் கீழே சார்ஜ் ஏறுகிற சின்ன உலோகத் தகடுகள் இரண்டும் இங்கே சீக்கிரம் மங்கிவிடும், அப்போது சார்ஜ் ஒழுங்காக ஏறாது. பென்சில் அழிறப்பரால் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்தால் பளிச்சென்று வந்துவிடும். நாங்களும் தேய்த்தோம், ஒரு மாற்றமும் இல்லை. கடல் காற்று தகட்டைக் கெடுக்கும், செட்டைக் கொதிக்க வைக்காது.

கடைசியில், அம்மாவின் செட்டையாவது மாற்றுவோம் என்று அதே கொம்பனியின் தனிச் செட் ஒன்றை வேறு இடத்தில் வாங்கி, என்.சி. வீதிப் பக்கம் போன் திருத்துகிற ஒரு தம்பியிடம் பேஸோடு கொண்டுபோனோம். புதுச் செட்டைப் பேஸில் பதிய வேண்டும். பேஸின் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, செட்டின் மெனுவிலும் பதியச் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். இங்கே கண்டுபிடிக்கவே இல்லை. தம்பி பேஸைக் கவிழ்த்தார், லேபிளைப் பார்த்தார், "அக்கா, இது பதியவே பதியாது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். டெக்ட் என்பது ஐரோப்பாவில் உருவான தரம். அங்கே இந்தப் போன்கள் 1880 முதல் 1900 மெகாஹேட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பேசுகின்றன. அவர் திருத்தக் கொண்டுவரப்படும் செட்டுகளும் வழமையாக அந்த வகைதான். அமெரிக்காவுக்கு ஒதுக்கியது 1920 முதல் 1930. டெக்ட் 6.0 என்பது அந்த அமெரிக்க வகைக்கு வைத்த விற்பனைப் பெயர், 6 கிகாஹேட்ஸ் என்று அர்த்தம் இல்லை. பெயரும் கொம்பனியும் ஒன்றாக இருந்தாலும் ஒரு வகைச் செட் மற்ற வகைப் பேஸோடு சேராது. ஒரு செட் பழுதானால் அதற்கு மாற்று இங்கே தேடக் கிடைக்காது. இதைவிடப் பெரிய விசயம், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் 1920 முதல் 1980 வரையுள்ள அலைவரிசையில்தான் கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் சிக்னல் போகிறது. அமெரிக்கக் கோட்லஸ் அதற்குள் புகுந்து பேசுகிறது. இலங்கையில் இப்படியான கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் தேவை.

பிறகு அம்மாவின் செட்டின் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு டிரிபிள் ஏ பற்றரி. ஒன்றின் முனையில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது, ஸ்பிரிங் பச்சை பிடித்துவிட்டது. பற்றரியைத் துடைத்து என் கையில் தந்து வாசிக்கச் சொன்னார். 1.5 வோல்ட். கோட்லஸ் போனுக்குப் போடுவது திரும்பச் சார்ஜ் ஏறக்கூடிய நிக்கல் பற்றரி, அதில் 1.2 வோல்ட் என்றிருக்கும். ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடுகிற சாதாரணப் பற்றரியைப் போட்டு விற்றிருக்கிறார்கள். அதைச் சார்ஜில் வைத்தால் ஒழுகும், சில நேரம் வெடிக்கவும் கூடும். கிழவி ஒருத்தி தலைமாட்டில் வைத்துப் படுக்கிற சாமானில் இதைச் செய்திருக்கிறார்கள்! சார்ஜரின் அடியில் 6 வோல்ட் என்றிருக்க, கடைக்காரர் ஒட்டித் தந்த அடப்டரில் 9 வோல்ட் என்றிருந்தது. கொதித்ததற்கு அதுவும் சேர்ந்த காரணம்.

புதுசு என்றதும் பொய் என்று தெரிந்தது அடுத்த நிமிடம். பேஸில் ஆன்சரிங் மெஷின் இருக்கிறது, நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. தம்பி ஒரு பட்டனை அழுத்தினார். வயதான ஒருவரின் குரல், அமெரிக்க ஆங்கிலத்தில், நாங்கள் இப்போது வீட்டில் இல்லை, பெயரையும் நம்பரையும் சொல்லுங்கள் என்றது. நம்பர் புத்தகத்தைத் திறந்தால் "கிராண்ட்மா", "டென்டிஸ்ட்" என்று வரிசையாகப் பெயர்கள். எங்கேயோ ஒரு குடும்பம் பல வருசம் பாவித்து எறிந்த போன். அதை அழிக்கக்கூட மினக்கெடாமல் பெட்டியில் போட்டு டேப் ஒட்டியிருக்கிறார்கள்.

பெட்டியோடு கடைக்குப் போனோம். "புதுசு என்று நான் எங்கே சொன்னேன் அக்கா? அமெரிக்கச் சாமான் என்றுதானே சொன்னேன்" என்றார். விளம்பரத்தைப் போனில் காட்டினோம். அது பொடியன் போட்டது, தனக்குத் தெரியாது என்றார். முத்திரையைச் சுட்டிக்காட்டினார். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்தி, 8,000 ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

8,000 ரூபாயை வாங்கவில்லை. அதை வாங்கிக் கையெழுத்து வைத்திருந்தால் விசயம் அத்தோடு முடிந்திருக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவதும் வியாபாரியின் கடமை. வழி தெரியாதவர்கள் 1977க்கு அழைத்துக் கேட்கலாம். நாங்கள் லேபிள், அடப்டர், பற்றரி எல்லாவற்றையும் படம் எடுத்தோம், ஆன்சரிங் மெஷின் குரலை வீடியோவாகப் பதிந்தோம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் சேர்த்தோம். நாங்கள் கடையை விட்டு வந்த அன்றைக்கே அந்த விளம்பரம் காணாமல் போனது. முதலிலேயே எடுத்து வைத்திருந்தது எவ்வளவு உதவியாகப் போயிற்று!

கரண்ட் போனாலும் வேலை செய்யும் என்று சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும். இது இந்த ஒரு கடைக்காரரின் பொய் மட்டும் அல்ல, பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். முன்பு பல வீடுகளில் இருந்த சிடிஎம்ஏ போன் உள்ளே பற்றரியோடு வந்தது, கோபுரத்திலிருந்து சிக்னல் எடுத்தது. அதையும் பலர் கோட்லஸ் என்றே சொன்னதால் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன். நாங்கள் வாங்கியது போலப் பேஸோடு வரும் கோட்லஸ் போனில், பேஸுக்குக் கரண்ட் இல்லை என்றால் வீட்டில் உள்ள எல்லாச் செட்டும் பொதுவாக ஊமை, பற்றரி நிறைய இருந்தாலும் சரி. இன்டர்கொமும் பெரும்பாலும் நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய செப்பு லைன் உள்ள வீடுகளில் சாதாரண வயர் போன் ஒன்றையும் கொழுவி வையுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் லைனில் வருவதால் வீட்டில் கரண்ட் இல்லாத நேரமும் அது அடிக்கும். ஃபைபர் லைன் என்றால் சுவரில் பூட்டிய பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். அதற்கும் பேஸுக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைக்க வேண்டிவரும்.

தூரத்தையும் நம்பாதீர்கள். டெக்ட் போனுக்கு வெட்டவெளியில் 300 மீற்றர், வீட்டுக்குள் 50 மீற்றர் என்பார்கள். கொங்கிரீட் தட்டும் தடித்த பழைய சுவரும் உள்ள வீட்டில் அதுவும் குறையும். பேஸை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஐரோப்பிய வகைக் கோட்லஸ் போன் ஒன்று இருக்கிறது. 230 வோல்ட் அடப்டர், மொடல் நம்பர் எழுதிய பில், மூன்று செட் மட்டும். கடையிலேயே ஒவ்வொரு செட்டின் மூடியையும் திறந்து பற்றரியைப் பார்த்தோம், நம்பர் புத்தகம் வெறுமையா என்று பார்த்தோம், ஒரு செட்டைப் பேஸிலிருந்து நீக்கித் திரும்பப் பதியச் சொல்லிப் பார்த்தோம். விற்றவர் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் செய்து காட்டினார்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இதேபோல அமெரிக்கப் பெட்டியும் டிரான்ஸ்போமருமாக வாங்கியிருந்தால், இன்றைக்கே செட்டின் பின்மூடியைக் கழற்றிப் பற்றரியைப் பாருங்கள். 1.5 வோல்ட் என்றிருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள், சார்ஜரில் வைக்காதீர்கள். அடப்டரில் உள்ள வோல்ட்டும் சார்ஜரின் அடியில் உள்ள வோல்ட்டும் வேறு வேறாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை என்றால் பில்லையும் லேபிள் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். ஒரே கடை என்றால் உங்கள் முறைப்பாட்டையும் எங்களுடையதோடு சேர்த்துக் கொடுக்க நான் கூட வருகிறேன்.