பாவ்லிக் பட்டை: பச்சிளங்குழந்தையின் இடுப்பு விலகலுக்கு
ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்தால் இன்றும் முதல் தேர்வு, தொடைகளை மடக்கிப் பிடிக்கும் இந்த வார்ப்பட்டைதான். செக் மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் வடிவமைத்தது. காலை நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவது மூட்டை விலக்கக்கூடும். இந்தப் பட்டை அதற்கு நேரெதிர். முன்வார் தொடையை 90 முதல் 100 டிகிரி மடக்கி வைக்கும். பின்வாரின் வேலை கால்கள் ஒட்டாமல் தடுப்பது மட்டுமே. அதை இறுக்கிக் காலை வலிந்து அகட்டினால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் தடைபடும். அந்தச் சேதம் விலகலைவிட மோசம். முன்வார் மிகவும் இறுகினால் நரம்பு அழுந்தி, குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிடும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், வார்களை நீங்களே மாற்றாதீர்கள். டயப்பர் வார்களுக்கு அடியில்தான். மாற்றும்போது கணுக்காலைத் தூக்காமல் பிட்டத்துக்கு அடியில் கை கொடுங்கள். முழங்கால் மடிப்பில் வியர்வை தேங்கிப் புண்ணாவது இதன் பெரிய குறை. மூன்று, நான்கு வாரத்தில் ஸ்கேனில் மூட்டு உள்ளே அமரவில்லையென்றால் தொடர்ந்து போடுவது கெடுதல்.