பழைய படகு செட்டில் போன் பாட்டு: எந்த வழி சரிவரும்?

கிரகறி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ ஓடும் படகிலுள்ள பழைய ரேடியோ செட்டில் போன் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால், அந்த செட் படகுக்கென்றே செய்ததா, ஜப்பான் வான் வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டியதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அடுத்து முகப்பில் கெசட் வாய் இருக்கிறதா, முதுகில் சிவப்பு வெள்ளைத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதற்குக் காசு செலவழிப்பது என்ற முடிவில் பாதி இந்த மூன்றிலேயே தெரிந்துவிடும்.

கடையில் முதலில் எடுத்துத் தருவது லைட்டர் சொக்கட்டில் குத்தும் எப்.எம். டிரான்ஸ்மிட்டரைத்தான். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, சின்ன வானொலி நிலையம் போல ஒலிபரப்பும். செட் அதைப் பிடித்துப் பாடும். வயர் வேலை இல்லை என்பதால் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள். மலைநாட்டில் இதைக் கடைசி வழியாகத்தான் வைக்க வேண்டும்.

முதல் சிக்கல் ஜப்பான் செட்டில். அந்த நாட்டுப் பழைய செட்டுகளின் எப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். டிரான்ஸ்மிட்டரோ வழக்கமாக 87.5க்குக் கீழே இறங்காது. இரண்டும் சந்திக்கக் கிடைப்பது இரண்டரை மெகாஹேர்ட்ஸ் இடுக்கு மட்டும். அதில் ஒரு நிலையம் உட்கார்ந்திருந்தால் இடமே இல்லை. ஏரியல் வயரில் அலைவரிசையைக் கீழே இறக்கும் சின்னப் பெட்டியாக ஒரு கன்வேட்டர் பூட்டியிருந்தால் கணக்கு மாறும். 14 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் கன்வேட்டர் என்றால், டிரான்ஸ்மிட்டரில் 98.0 வைத்துவிட்டு செட்டில் 84.0இல் தேட வேண்டும். இது தெரியாமல் நல்ல டிரான்ஸ்மிட்டரைப் பழுதென்று திருப்பிக் கொடுப்பது சுலபமாக நடக்கும்.

இரண்டாவது சிக்கல் மலை. அட்டனிலிருந்து நானுஓயாவுக்கு வான் வண்டியில் போனால், ஒரு வளைவில் வெறுமையாக இருந்த அலைவரிசையில் அடுத்த வளைவில் நிலையம் ஏறி நிற்கும். படகு ஒரே நீர்ப்பரப்பில் சுற்றுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நுவரெலியாவில் பீதுருதாலகாலைக் கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கிறது. டிரான்ஸ்மிட்டரை பலத்த நிலையத்தின் அலைவரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் பழைய செட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு செட்டின் அலைவரிசையைக் கையால் நகர்த்துங்கள். ஒரே சீரான ‘ஸ்ஸ்’ கேட்கும் இடம் வேண்டும், அதற்கு 0.2 மெகாஹேர்ட்ஸ் மேலேயும் கீழேயும்கூட வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே வையுங்கள்.

இந்த வழிதான் கதி என்றால், வயரில் கோக்கும் எப்.எம். மொடியுலேட்டரைத் தேடிப் பாருங்கள். ஏரியல் பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவில் பூட்டுவது. பாட்டு ஓடும்போது வெளி ஏரியலைத் துண்டித்துவிடும் வகையாக இருந்தால் நிலையங்கள் குறுக்கே வராது. ஜப்பான் செட்டென்றால் அது எந்த அலைவரிசையில் அனுப்புகிறது என்பதை வாங்குமுன் பாருங்கள்.

கெசட் வாய் உள்ள செட்டுக்கு கெசட் அடாப்டர் இருக்கிறது. இப்போது யாரும் இதை மதிப்பதில்லை. ஆனால் டெக் ஒழுங்காக ஓடினால், மலிவான டிரான்ஸ்மிட்டரைவிடத் தெளிவாகப் பாடும். அடாப்டருக்குள் டேப் கிடையாது. அதிலுள்ள சின்ன ஹெட், போனிலிருந்து வரும் ஒலியைக் காந்தப் புலமாக்கி செட்டில் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு நேரே நீட்டுகிறது. ஆகவே செட்டின் ஹெட் சுத்தமாக இருக்க வேண்டும். வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய ஹெட்டின் மூக்கில் தேயிலைக் கறை போலப் பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பஞ்சு வெள்ளையாகவே திரும்பும் வரை துடையுங்கள். ரப்பர் உருளையையும் துடைக்கலாம், அதிகம் ஊறவிடக் கூடாது. டேப் இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கும். அடாப்டரைப் போட்டவுடன் செட் பக்கம் மாற்றி மாற்றி ‘டக் டக்’ என்றால், டேப் முடிந்துவிட்டதாக, தானாகப் பக்கம் மாற்றும் ஓட்டோ ரிவர்ஸ் நினைக்கிறது. அடாப்டரின் பற்சக்கரம் இறுகியிருக்கும், அல்லது செட்டின் பெல்ட் தளர்ந்திருக்கும். புது பெல்ட் கிடைக்காவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

செட்டின் முகத்தில் வெளி ஒலியை வாங்கும் ஓக்ஸ் துளையோ முதுகில் அந்தச் சிவப்பு வெள்ளைத் துளைகளான ஆர்.சி.ஏ. உள்ளீடோ இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சில ஜப்பான் செட்டுகளில் அது ‘வி.டி.ஆர்.’ என்ற பெயரில் இருக்கும். 3.5 மி.மீ. பிளக்கிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ.க்குப் பிரியும் வயர் ஒன்று போதும். முதுகிலுள்ள ஆர்.சி.ஏ. எல்லாம் உள்ளீடு அல்ல. ஒலியைப் பெருக்கும் அம்ப்புக்குப் போகும் வெளியீடும் அதே வடிவம்தான். பல சி.டி.க்களை மாற்றிப் போடும் சி.டி. சேஞ்சர் பெட்டிக்கான துளையிலும் ஏமாற வேண்டாம். சேஞ்சர் இருக்கிறதென்ற சமிக்ஞை வராமல் செட் அந்த உள்ளீட்டைத் திறக்காது. அந்த மொடலுக்கென்றே செய்த அடாப்டர் வேண்டும்.

போனில் இயர்போன் துளை இல்லையென்றால் புளூடூத் ரிசீவரை ஓக்ஸில் குத்துங்கள். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்வது: எஞ்சினை முடுக்கினால் பாட்டுக்குள் நுளம்பு இரைவது போல ‘ங்ஙீ’ என்று ஏறும், எஞ்சினை நிறுத்தினால் போய்விடும். பழி ரிசீவருக்குப் போகும். குற்றமோ நெகட்டிவ் வயரில். பைபர் படகில் வான் போல இரும்பு உடம்பு கிடையாது, ஒவ்வொரு நெகட்டிவ்வும் பெட்டரிக்குத் திரும்ப வேண்டும். செட்டின் நெகட்டிவ் ஓரிடத்திலும் லைட்டர் சொக்கட்டின் நெகட்டிவ் வேறிடத்திலும் சேர்ந்திருந்தால், அந்த வித்தியாசம் ஓக்ஸ் வயர் வழியாக ஓடி இரைச்சலாகிறது. ரிசீவரின் சார்ஜ் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் இதுதான். இரண்டு நெகட்டிவ்வையும் ஒரே முனையில் சேருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஓக்ஸ் வயரின் நடுவில், இரண்டு பக்க நெகட்டிவ்வையும் பிரித்துவிடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போடலாம். மலிவானது பேஸை கொஞ்சம் தின்னும். போனின் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, மிச்சத்தை செட்டில் கூட்டுங்கள். போனில் குறைத்து செட்டில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

புது செட் பூட்டுவது கடைசித் தெரிவு. பழைய செட்டும் ஒற்றை டின் என்ற பொது அளவு, அதாவது முகப்பு 180க்கு 50 மி.மீ. என்றால் அதே ஓட்டையில் உட்கார்ந்துவிடும். ஆனால் பழைய படகு வயரிங்கில் இரண்டு ஸ்பீக்கரின் நெகட்டிவ்வையும் ஒரே வயரில் சேர்த்திருப்பார்கள். சில பழைய செட்டுகள் அதைத் தாங்கும். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் இருக்கும். நெகட்டிவ்களைச் சேர்த்தால் செட் தன்னை அணைத்துக்கொள்ளும், இல்லையேல் உள்ளே இருக்கும் ஐ.சி. சிப் வெந்துபோகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனியாக இழுத்த பிறகே புது செட்டைத் தொடுங்கள். கடல் படகுக்கென்று விற்கும் விலை கூடிய செட் நம் வாவிகளுக்கு அவசியமில்லை. அது முக்கியமாக உப்புக் காற்றுக்காகச் செய்தது. நன்னீரில் சாதாரண செட்டே போதும். ஆனால் மூடி வேண்டும். விடியற்காலைப் பனிமூட்டத்தில் வியர்க்கும் செட்டை உடனே போடாமல், ஈரம் உலர விட்டுப் போடுங்கள்.

எந்த வழியானாலும் பெட்டரியைப் பாருங்கள். செட்டின் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் கேட்கும். அது 10 மில்லி அம்பியர் இழுத்தாலே நாளுக்கு 0.24 அம்பியர் மணி, மாதத்துக்கு 7க்கு மேல். மழைக்காலத்தில் படகைக் கரையில் கட்டிவைத்தால், 45 அம்பியர் மணிப் பெட்டரியில் ஆறில் ஒரு பங்கு ஒரே மாதத்தில் போய்விடும். மஞ்சளையும், செட்டை இயக்கும் சிவப்பு வயரையும் சேர்த்து ஒரே சுவிட்சுக்குக் கொண்டுவாருங்கள். செட்டின் முதுகில் எழுதியிருக்கும் அளவிலேயே பியூஸை, பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். நிலைய நினைவு அழிந்துவிடும், ஆனால் போன் பாட்டுக்கு அது தேவையில்லை.