பட்டறையா, பயிற்சி நிலையமா: நகைத் தொழிலை எங்கே கற்பது?

நகைத் தொழில் பழக விரும்பும் மலையகப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஹட்டன், பதுளை, கண்டி போன்ற நகரங்களில் ஒரு பத்தர் (பொற்கொல்லர்) பட்டறையில் உதவியாளராகச் சேர்ந்து கைப்பழக்கமாகக் கற்பது ஒன்று. அரச தொழிற்பயிற்சி நிலையமொன்றில் படித்துச் சான்றிதழ் பெறுவது மற்றது. நான் ஹட்டன் பட்டறை ஒன்றில் 11 மாதங்கள் இருந்துவிட்டு, அதன் பிறகே பயிற்சி நிலையத்துக்குப் போனேன். இன்று ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் பயிற்சி நிலையம் என்றே சொல்வேன்.

செலவைப் பார்த்தால் பட்டறையே இலகு. கட்டணம் கிடையாது, பகல் சாப்பாடும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் கிடைக்கும். நிலையமென்றால் பஸ் செலவு உண்டு, தூரமென்றால் அறை வாடகையும் சேரும். இரத்தினக்கல், ஆபரண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் இருப்பது கடுவெலையில். தோட்டத்து லயத்திலிருந்து அங்கே தினமும் போய்வர முடியாது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது செலவன்று. கற்பவர் எந்த உலோகத்தைக் கெடுத்துப் பழகலாம் என்ற கேள்விதான் தீர்மானித்தது. பட்டறைக்கு வரும் பொன் வாடிக்கையாளருடையது. ஒரு பவுன் 8 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலும் 80 மில்லிகிராம், அதற்குப் பத்தர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே புதியவர் கையில் அவர் பொன்னைக் கொடுப்பதில்லை, அது நியாயமும்கூட. “தம்பி, இது அடுத்த வீட்டுப் பொன், நீ பார்த்துக்கொண்டு மட்டும் இரு” என்று எங்கள் பத்தர் ஐயா அன்போடுதான் சொன்னார். அந்த 11 மாதங்களில் நான் மெருகு போட்டேன், அரப்பொடி விழுந்த தரையைக் கூட்டி அள்ளினேன், கம்பி இழுக்கும்போது மறுமுனையைப் பிடித்தேன். பொடி, அதாவது இணைப்பை ஒட்டவைக்கும், எளிதில் உருகும் உலோகக் கலவை, அதை வைத்து ஊதிப் பற்றவைக்க ஒருமுறையேனும் வாய்க்கவில்லை.

நிலையத்தில் முதல் நாளே என் முன் செப்புத் தகடு வைக்கப்பட்டது. செம்பு உருகுவது 1085 பாகை செல்சியஸில். வெள்ளிப் பொடியோ ஏறத்தாழ 750 பாகையிலேயே உருகி ஓடும். இடையில் 300 பாகைக்கு மேல் இடம் இருப்பதால், சுடரைச் சற்றுக் கூடுதலாகக் காட்டினாலும் பொருள் அழியாது. பொடி நன்றாக ஓட உதவும் வெண்காரம் கண்ணாடிபோல் இளகுவதையும், செம்பு மங்கிய சிவப்பாக மாறுவதையும், பொடி சட்டென்று மின்னி இணைப்புக்குள் ஓடுவதையும் பதற்றமின்றிக் கவனிக்கலாம். அடுத்து வந்த 925 வெள்ளியோ 893 பாகையில் முழுதாக உருகிவிடும். அங்கே இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது. 22 கரட் பொன்னில் பொடியும் பொன் கலந்ததாகவே இருக்க வேண்டும் என்பதால் இன்னும் நெருக்கம். அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குக் கையைப் படிப்படியாகக் கொண்டுபோகும் இந்த வரிசையைப் பட்டறை கொடுக்க முடியாது. அங்கே எடுத்த எடுப்பிலேயே இருப்பது பொன். நான் உருக்கிக் கெடுத்த செப்பு வளையங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவற்றுக்காக என்னை யாரும் கடிந்ததில்லை, கெட்ட செம்பு மறுபடி உருக்கப்பட்டது.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டம் வரை பெற்றவர் பின்னர் 5, 6 மட்டங்களில் டிப்ளோமா படிக்கலாம். பட்டறையிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தவரும் முன்னனுபவ மதிப்பீட்டின் வழியாக அதே தகைமையைப் பெற முடியும். அதனால் இதைப் பெரிய வேறுபாடாக நான் கொள்ளவில்லை. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இது வேறு கதை. பட்டறைகள் அவர்களைச் சேர்ப்பது அரிது என்பதால், அவர்களுக்குப் பயிற்சி நிலையமே உண்மையான வாசல்.

பட்டறை தருவதை நிலையம் தராத இடமும் உண்டு. அறுந்த சங்கிலி, கழன்ற மூக்குத்தித் திருகாணி, இறுகிய மோதிரம் எனப் பழுதுபார்ப்பே ஊர்ப் பத்தரின் அன்றாட வேலை. எங்கள் பாடங்களிலோ எல்லாமே புதிதாகச் செய்யும் பொருள்கள். முன்பு யாரோ ஈயம் வைத்து ஒட்டிய நகையைச் சூடாக்கினால் அந்த ஈயம் பொன்னை அரித்துவிடும் என்பதை நான் பட்டறையில்தான் கற்றேன். உரைகல்லில் இழுத்த கோட்டின் நிறத்தைப் பார்த்துப் பொன்னின் மாற்றை, அதாவது தரத்தை, சொல்லும் கண்ணும், தீபாவளி முற்பணம் கிடைத்த வாரத்தில் வரிசையில் நிற்பவர்களிடம் கூலியையும் சேதாரத்தையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லும் பக்குவமும் அங்கேதான் வரும்.

கல் பதிப்பில் என் கை இன்னும் தேறவில்லை. மெழுகு வார்ப்பை நான் பார்த்திருக்கிறேனே தவிர, தனியாகச் செய்ததில்லை. அவ்விரண்டையும் முதன்மையாகக் கற்க விரும்புவோர் அத்துறையில் வேலை செய்பவரைக் கேட்பது நல்லது.

நிலையத்தில் சேர்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய், ஒவ்வொருவருக்கும் தனி மேசையும் தனிக் காஸ் ஊதுகுழலும் உண்டா, பழகுவதற்குச் செம்பு யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் இருவருக்கு ஓர் ஊதுகுழல்தான் இருந்தது. பாதி நாள் நான் மறுபடியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.