“டைட்டாக இருந்தால் நல்லதுதானே” என்ற டயர் கடை

டர்பனில் இருக்கும் நம்மவர்கள் யாராவது விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் கிளம்புவதற்கு முன் டயர் மாற்றப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்யும் கடைகள் ஊரில் நிறைய இருக்கின்றன.

என்னுடையது கொரோலா குவெஸ்ட், இங்கே பிராஸ்பெக்டனில் தயாரான வண்டி. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, புதிதாகப் போட்டேன். வேலை நடக்கும்போது பக்கத்திலேயேதான் நின்றேன், அதுதான் இன்னும் எரிச்சல். பையன் வீலைத் தூக்கி மாட்டினான். ஒவ்வொரு ஸ்டட்டிலும் (நட் ஏறும் மரைக் கம்பி) ஒரு சொட்டு எண்ணெய் விட்டான், அடுத்த தடவை சுலபமாகக் கழலுமாம். பிறகு நட்டை விரலால் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நேராகக் காற்றழுத்தத்தில் முடுக்கும் ஏர் கன்னை வைத்து, கடகடவென்று அதிரும் வரை முடுக்கினான். ஒரு நட்டிலிருந்து அதற்குப் பக்கத்து நட், அதற்குப் பக்கத்து நட் என்று வட்டமாகவே போனான். “இவ்வளவு வேண்டுமா?” என்று கேட்டேன். “டைட்டாக இருந்தால் நல்லதுதானே அங்கிள்” என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இரண்டு வாரம் கழித்து, என்3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் டோலைத் தாண்டியதும் பின் இடது டயர் பங்சர். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி எல்லாம் இருந்தன. (ஸ்டெப்னி என்றால் இங்கே யாருக்கும் புரியாது, ஸ்பேர் வீல் என்று கேளுங்கள்.) ஆனால் நட் ஒன்றும் அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்றேன். என் எடை 78 கிலோ, ஸ்பானர் கால் மீட்டர் நீளம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 190 நியூட்டன் மீட்டர் திருகு விசை வருகிறது. இந்த வண்டிக்கு முடுக்க வேண்டிய அளவே 103தான். அதற்கும் அசையவில்லை என்றால் பையன் எவ்வளவு முடுக்கியிருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) வந்த ஒருவர் நிறுத்தி, ஒரு மீட்டர் இரும்புக் குழாய் கொடுத்தார். அதை ஸ்பானரில் செருகி அழுத்தினோம். முதல் இரண்டு நட்டும் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தன. மூன்றாவதில் ‘டக்’ என்று ஒரு சத்தம், கை சட்டென்று லேசானது. அப்பாடா என்று நினைத்தேன். பார்த்தால் நட்டோடு பாதி ஸ்டட் கையில் இருக்கிறது. நான்காவதும் அப்படியே. ஐந்தில் மூன்றை வைத்துக்கொண்டு மனைவி, பிள்ளையோடு நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. இழுவை வண்டிக்குப் போன் செய்தேன். “ஜஸ்ட் நௌ வருகிறோம்” என்றார்கள். இந்த ஊர் ஜஸ்ட் நௌ தெரியும்தானே, இரண்டரை மணி நேரம்.

இவ்வளவும் அறியாமை என்று விட்டுவிடலாம். ஏமாற்று அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

வண்டியை அதே கடைக்கே கொண்டுபோனது என் முட்டாள்தனம். “குழாய் வைத்து உடைத்தது நீங்கள், எங்கள் தவறு இல்லை” என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஸ்டட் மட்டும் மாற்ற முடியாது, ஸ்டட்டுகள் பதிந்திருக்கும் முழு ஹப்பையும் மாற்ற வேண்டும் என்றார்கள். 3,800 ராண்ட். திங்கட்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும், தலையாட்டினேன். பழைய ஹப்பைக் கேட்டபோது, பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்று பதில்.

மனம் ஒப்பவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். நாலைந்து தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவருக்குத் தமிழ் கோயில் பாட்டளவில்தான், ஆனால் ‘தம்பி’ என்று மட்டும் வாய் நிறையக் கூப்பிடுவார். வீலைக் கழற்றியதுமே சிரித்துவிட்டார். ஹப் அதே பழைய ஹப், துருகூட அப்படியே இருந்தது. இரண்டு ஸ்டட் மட்டும் புதுசு. உடைந்த ஸ்டட்டைச் சுத்தியலால் பின்பக்கம் தட்டி எடுத்துவிட்டு, புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் வாஷரும் நட்டும் போட்டு இழுத்து உட்கார வைப்பதுதான் வேலையே. அரை மணி நேரம் ஆகுமாம்.

பிறகு அவர் மீதி நட்டுகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் விரலால் திரும்பச் சுற்றிப் பார்த்தார். ஆறு இடத்தில் நட் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. “நட்டில் கோளாறு இல்லை தம்பி, ஸ்டட் நீண்டுவிட்டது” என்றார். ஸ்டட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. சரியான அளவு முடுக்கினால் கொஞ்சம் நீண்டு, தன் இழுப்பால் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கும். அளவு மீறினால் ரப்பர் போலத் திரும்பாமல் நீண்டபடியே நின்றுவிடும், மரையின் இடைவெளியும் மாறிவிடும். அந்த ஸ்டட் இன்றைக்கே உடைய வேண்டும் என்றில்லை, மூன்று மாதம் கழித்து ஓட்டத்தில் உடையலாம். எண்ணெய் விட்டது இன்னும் மோசம். 103 என்பது உலர்ந்த மரைக்கான கணக்கு. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே முடுக்குக்கு ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும். அந்த ஆறையும் மாற்றினார். ரிம் உட்காரும் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். நட்டை விரலால் ஓட்டிவிட்டு, நட்சத்திரம் வரைவதுபோல ஒன்று விட்டு ஒன்று இரண்டு சுற்றில் முடுக்கினார். கடைசியாக, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பானர்), ‘கிளிக்’ என்றதும் கையை எடுத்துவிட்டார்.

பணத்துக்கு வருகிறேன். இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், அதில் 67ஆம் பிரிவு: பழுது பார்க்கும்போது கழற்றிய பாகங்களை, வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை, கடைக்காரர் தனியாக எடுத்து வைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும். இதைக் குறிப்பிட்டு, ஹப்பின் படங்களையும் சேர்த்து, வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மனுக்குப் புகார் போகும் என்று மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள் ஹப்புக்கு வாங்கியதைத் திருப்பிப் போட்டார்கள். இழுவை வண்டிக்கும் அந்த ஆறு ஸ்டட்டுக்கும் ஒரு சென்ட்கூடத் தரவில்லை, மன்னிப்பும் இல்லை.

இப்போது என் டிக்கியில் ஒரு டார்க் ரெஞ்ச், 21 மில்லிமீட்டர் சாக்கெட், அரை மீட்டர் கம்பி மூன்றும் இருக்கின்றன. எந்தக் கடையானாலும், ஏர் கன் முடிந்ததும் அங்கேயே ஒவ்வொரு வீலிலும் ஒரு நட்டை என் கம்பியால் அவிழ்த்துப் பார்க்கிறேன். முக்கி முக்கித்தான் கழற்ற வேண்டியிருந்தால் காசு கொடுக்க மாட்டேன், அவர்களே எல்லாவற்றையும் தளர்த்தி என் ரெஞ்சால் முடுக்கிக் கொடுக்க வேண்டும். பையன்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. போன மாதம் அப்படி முடுக்கி வாங்கிய வண்டியைப் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் நிறுத்தி மறுபடி பார்த்தேன், 80 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இருபது நட்டில் இரண்டு, கிளிக் வருவதற்கு முன் கால் சுற்று நகர்ந்தன.