பி-வி வளைவா, கியூ-வி வளைவா?

மின்தொகுப்பின் மின்னழுத்த நிலைப்பை ஆராயப் புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

விடை:
பி-வி (சுமை ஏற ஏற மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்ற வளைவு): மின்னழுத்தச் சரிவுக்கு முன் தொகுப்பு இன்னும் எத்தனை மெகாவாட் தாங்கும்.
கியூ-வி (ரியாக்டிவ் பவருக்கும், அதாவது மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் திறனுக்கும், மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவின் வளைவு): ஒரு பஸ்ஸில், அதாவது மின்கம்பிகள் சேரும் முனையில், எத்தனை மெகாவார் (ரியாக்டிவ் பவரின் அலகு) கையிருப்பு.

கணக்கு:
பி-வி: சுமையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வளைவின் மூக்கு நுனியை (தாங்கக்கூடிய உச்சச் சுமையை) நெருங்கினால் சாதாரண லோடு ஃப்ளோ (தொகுப்பின் மின்னழுத்தத்தையும் மின்பாய்வையும் காணும் கணக்கு) தீர்வுக்கு வராது. அப்புறம் நுனியைத் தாண்டியும் வளைவைப் பின்தொடரும் தொடர்ச்சி முறைதான்.
கியூ-வி: எளிது.

1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில், மதிய இடைவேளை முடிந்ததும் சுமை நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாவாட் ஏறி, மின்னழுத்தம் சரிந்தது. ஏர் கண்டிஷனர் சுமை அப்படிப் பாயும் நகரத்துக்கு பி-வியே முதலில். மெகாவார் தரும் கெப்பாசிட்டர் பேங்க் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவெடுக்க கியூ-வி போதும்.