மாத்தேரான் நடைபாதைகள், பல வருட அனுபவம்: செம்மண்ணும் பேவர் பிளாக்கும்

முலுண்டில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "டிசம்பர்ல அப்பா அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு மாத்தேரான் போகலாம்னு இருக்கோம். நீங்கதான் அடிக்கடி போறவராச்சே, நடக்க எப்படி இருக்கு இப்போ?" வாட்ஸப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மாத்தேரான் மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மலையூர். போகிற வழி மும்பைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். கர்ஜத் லோக்கலில் நேரல், அங்கிருந்து ஷேர் டாக்ஸியில் தஸ்தூரி நாக்கா. அதற்கு மேல் கார், பைக், ஆட்டோ எதுவும் கிடையாது. 2003-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த மலையையும் சுற்றுவட்டாரத்தையும் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. இதெல்லாம் பலரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது காலுக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றி மட்டும்.

மாத்தேரானுக்கு எல்லோரும் பாயின்ட் பார்க்கத்தான் போகிறார்கள். முப்பத்தெட்டு பாயின்ட் என்று சொல்வார்கள். பனோரமா, லூயிசா, எக்கோ, அலெக்சாண்டர், ஒன் ட்ரீ ஹில், சூரிய அஸ்தமனத்துக்குப் பார்க்குபைன். எல்லாமே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மலை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிற இடம் சஹ்யாத்ரியில் எத்தனையோ இருக்கிறது. லோணாவாலாவில் இருக்கிறது, மகாபலேஷ்வரில் இருக்கிறது. மாத்தேரானில் மட்டும் ஒரு பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை முழுக்க மண். ஊரின் கடைத்தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம் போலத் தோன்றும் மண். 800 மீட்டர் உயரத்தில், நாள் முழுக்க நடந்தாலும் தார் ரோட்டில் கால் வைக்க வேண்டியிராத ஓர் ஊர். என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இதுதான்.

இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையின் அடிப்பகுதி தக்காணத்துக் கருங்கல். உச்சியில் மட்டும் செம்புரைக்கல் ஒரு தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டுக் கல் மக்கி, இரும்புச் சத்து மட்டும் தங்கிச் சிவந்த தரை அது. அதன் மேல் மரங்களின் சருகு விழுந்து மட்கி, குதிரைகளும் மனிதர்களும் தலைமுறை தலைமுறையாக மிதித்து, பாதை ஒரு பதத்துக்கு வந்திருக்கிறது. காலை வைத்தால் லேசாக வாங்கிக்கொள்ளும். இறக்கத்தில் முட்டிக்கு அதிர்ச்சி போகாது. ஐம்பதைத் தாண்டிய என் முட்டி, செம்பூரில் பிளாட்பாரப் படிக்கட்டில் முனகும். லூயிசா பாயின்ட் போய்த் திரும்பும்போது முனகாது.

லூயிசா பாதையைத் தனியாகச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சார்லட் ஏரிப் பக்கம் பிசர்நாத் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்தால், நாவல் மரமும் கடுக்காய் மரமும் தலைக்கு மேல் கூடி நிற்கும். இடையிடையே மராத்தியில் அஞ்சனி என்று சொல்லும் மரம். நம் ஊர்க் காயா மரம்தான் அது. பெருமாளின் நிறத்துக்கு உவமை சொல்கிறோமே, அந்தக் காயாம்பூ. கோடையில் பூக்கும்போது கிளையே நீலமாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது என் மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து பாட்டில் கேட்ட பூவை நேரில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் முறை. பாதை முடியும் இடத்தில் மரங்கள் விலகி, எதிரே பிரபல் கோட்டை தெரியும். யாரும் பேச மாட்டார்கள். கடைக்காரர்கூட எலுமிச்சை ஜூஸை மெதுவாகத்தான் கலக்குவார்.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இப்போது என்னை வருடக்கணக்காக உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

தஸ்தூரி நாக்காவிலிருந்து கடைத்தெரு வரையான இரண்டரை, மூன்று கிலோமீட்டர். மாத்தேரானுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரும், சாமானும், குதிரையும் இதன் வழியாகத்தான் போய் வர வேண்டும். முன்பு இது முழுக்கச் செம்மண். கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண் பேவர் பிளாக், அதாவது தரையில் பதிக்கும் கட்டிக் கல், வந்து மண்ணை மூடியது. ஒவ்வொரு தடவை போகும்போதும் மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் தேடும். இப்போதெல்லாம் ரொம்ப தூரம் தேட வேண்டியிருக்கிறது.

அதில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் மர நிழலில் பாசி பிடிக்கிறது, அதன் மேல் ஈரச் சருகு வேறு. ஒரு ஆகஸ்ட் மாதம் என் கால் வழுக்கி இடுப்பில் அடிபட்டது, பல நாள் உட்கார்ந்து எழ முடியாமல் இருந்தேன். கல்லின் ஓரத்தில் ஓடுகிற தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போய்விட, விளிம்புக் கற்கள் தளர்ந்து ஆடுகின்றன. கணுக்கால் திரும்புவது அந்த விளிம்பில்தான். மண் பாதையில் தண்ணீர் பரவலாக இறங்கும். கல் போட்ட பாதையில் அது ஓரம் தேடி ஓடும், ஓடுகிற இடத்தில் பள்ளம் பறிக்கும். கல்லைப் போட்டால் மட்டும் போதாது, மழைநீரைக் குறுக்கே கடத்திவிட ஒழுங்கான வாய்க்கால் வேண்டும். நான் நடந்த இடங்களில் பல பக்கம் அது இல்லை.

குதிரைகளின் பாடு இன்னும் மோசம். லாடம் அடித்த குளம்பு மண்ணில் பதிந்து நிற்கும். கல்லில் பதிய இடம் இல்லை. சரிவில் இறங்கும்போது பின்னங்கால் சறுக்குவதையும், குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துவதையும் நானே பார்த்திருக்கிறேன். கல் போடுவதைக் குதிரைக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தது இதனால்தான். அந்த ஊரில் காஸ் சிலிண்டரும் காய்கறியும் அரிசி மூட்டையும் பெரும்பாலும் குதிரை முதுகில்தான் வருகின்றன. சுற்றுலாப் பயணி சறுக்கினால் எழுந்து துடைத்துக்கொண்டு போவார். பாரம் சுமக்கும் குதிரை கால் ஒடிந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போச்சு.

கல்லுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் செம்மண் புழுதி சும்மா இல்லை. குதிரைக் கூட்டம் போனால் எழும் தூசி மரத்தின் இலையையெல்லாம் சிவப்பாக்கிவிடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது நரகம். ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து கீழே போவதும் உண்மை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மண்ணில் குதிரை வருவது காதில் விழாது, பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத்தான் திடுக்கிட்டு ஒதுங்குவோம். கல்லில் டக் டக்கென்று தூரத்திலேயே கேட்கும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது நிஜமான பாதுகாப்பு.

எல்லாவற்றையும் விடப் பெரிய நியாயம் கைரிக்‌ஷா. மனிதனை வைத்து மனிதன் இழுக்கிற வண்டி. மேட்டில் முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ள, உள்ளே ஒருவர் உட்கார்ந்து போவதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது. 2022-இல் உச்ச நீதிமன்றம் இ-ரிக்‌ஷாக்களைச் சோதனை முறையில் ஓட்ட அனுமதித்தது, அந்த வருடம் டிசம்பரில் ஓட ஆரம்பித்தன. 2025 ஆகஸ்ட் 6 அன்று, கைரிக்‌ஷா மனித கண்ணியத்துக்கு விரோதமானது, ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இழுத்துப் பிழைத்தவர்களுக்கே இ-ரிக்‌ஷாவை வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்றும், குஜராத்தின் கேவடியாவில் நடப்பதை முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி. சுதந்திரம் வந்து இத்தனை வருடம் கழித்தாவது நடந்ததே.

இ-ரிக்‌ஷா ஓட வேண்டுமானால் சக்கரத்துக்குக் கெட்டித் தரை வேண்டும். அதே தீர்ப்பில், தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரை பேவர் பிளாக் போடலாம், ஊரின் உட்பாதைகளில் போடக் கூடாது என்று கோடு போட்டிருக்கிறார்கள். நியாயமான கோடு. ஒருவர் தோளிலிருந்து பாரம் இறங்குகிறது என்றால் என் முட்டி கொஞ்சம் வலித்துக்கொள்ளட்டும். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தஸ்தூரியில் இறங்கி அந்தக் கல்லில் முதல் அடி வைத்ததும் கோபம் வந்துவிடுகிறது. ஏனென்றால் இது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயமே இல்லை. சக்கரம் போகிற அகலத்துக்கு மட்டும் கல்லைப் போட்டு, பக்கத்திலேயே ஆறடி செம்மண்ணை விட்டு வைத்தால் என்ன? குதிரை மண்ணில் போகும், நடப்பவன் மண்ணில் போவான், ரிக்‌ஷா கல்லில் போகும். பாதை பல இடங்களில் அதற்கு வேண்டிய அகலம் உள்ளதுதான். மூவகையினர் பயன்படுத்தும் பாதைக்கு ஓரம் விட்டு ஓரம் ஒரே தரை போட்டவர்கள், அந்த மூவரில் ஒருவரை மட்டும்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

அப்புறம், மண்ணே மிச்சமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தஸ்தூரி நாக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அமன் லாட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே ஒரு நடை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதில்தான் போவார்கள். 1907-இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் போட்ட இரண்டடி அகலத் தண்டவாளம் அது. ரயில் சத்தம் கேட்டால் விலகி நிற்கத் தெரிந்தவர்கள் மட்டும் அந்த வழியைப் பிடிக்கலாம், பிள்ளைகளோடு வேண்டாம். ஊரைத் தாண்டிவிட்டால் அலெக்சாண்டர், ராம்பாக், ஒன் ட்ரீ ஹில் பக்கமெல்லாம் இன்னும் பழைய பாதைதான்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். முட்டி வலி இருக்கும் அப்பாவை தஸ்தூரியிலிருந்து நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். அமன் லாட்ஜிலிருந்து ஷட்டில் ரயில் இருக்கிறது, கிடைத்தால் இ-ரிக்‌ஷாவும் இருக்கிறது. அவரைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, அங்கிருந்து சார்லட் ஏரி வரை மெதுவாக நடத்துங்கள். அந்த நடை அவருக்குத் தாங்கும், பிடிக்கும். பையனுக்குக் குதிரை வேண்டுமென்றால், கல் பாதை முடிந்த பிறகு ஏற்றிவிடுங்கள். குதிரை எதிரே வந்தால் ஓடக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது, மலைப் பக்கமாக நின்று வழி விட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பைச் சத்தத்துக்கே வரும், தின்பண்டத்தைத் துணிப்பையில் வையுங்கள். சனி, ஞாயிறு மட்டும் தவிர்த்துவிடுங்கள். பனோரமா பாயின்ட்டுக்கு விடியற்காலையில் போனால் கூட்டம் இருக்காது, தூசியும் அடங்கியிருக்கும்.

டிசம்பர் நல்ல மாதம்தான். மழை ஓய்ந்து மண் இறுகியிருக்கும், கோடைப் புழுதி இன்னும் ஆரம்பித்திருக்காது. நேரலிலிருந்து மேலே வரும் முழு ரயிலும் மழைக்காலம் முடிந்து ஓடும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் பனோரமா பாயின்ட்டுக்குக் கீழே அது வளைந்து திரும்பும் இடத்தைப் பையன் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டான்.

நண்பர் மதிப்பெண்ணும் கேட்டிருந்தார். லூயிசா பாதைக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து. ஊரின் உட்பாதைகளுக்கு நாலரை. மொத்த மாத்தேரானுக்கு இன்றைய தேதியில் நான் கொடுப்பது ஐந்துக்கு இரண்டு. கூட்டிக் கழித்தால் இந்தக் கணக்கு வராது, எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மலைக்குள் நுழைகிற முதல் முக்கால் மணி நேரமும், அதைவிட்டு வெளியே வருகிற கடைசி முக்கால் மணி நேரமும் கல்லின் மேல் கடக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போது முட்டியில் இருப்பது அந்தக் கல்தான், லூயிசா இல்லை. பக்கத்தில் ஆறடி மண் விட்டார்கள் என்ற செய்தி வரட்டும், அன்றைக்கே மாற்றிப் போடுகிறேன்.

நீங்கள் குடும்பத்தோடு போய் வாருங்கள், அப்பாவுக்கு இதைவிட வசதியான மலை மும்பைக்குப் பக்கத்தில் கிடையாது. தஸ்தூரி வழியாக மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம். நான் பிவ்புரி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கார்பெட் பாயின்ட் வழியாக மேலே ஏறி வருகிறேன். மூச்சு வாங்கும், நேரமும் அதிகம் ஆகும், ஆனால் அடி முதல் உச்சி வரை மண்ணும் பாறையும்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கடைத்தெருவில் சந்திக்கலாம்.