நுரையோடு மோதிப் பழக 7 அடி சாஃப்ட் டாப்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

சர்ஃபிங்கில், அலைச்சுவரில் (அலையின் இன்னும் உடையாத முகப்பில்) பக்கவாட்டில் ஓடத் தெரிந்தவர்கள் அடுத்துத் திணறுவது அலை உடையும் இடத்தில்தான். அலையின் விசை அங்கேதான் குவிந்திருக்கிறது. அதை விட்டு விலகி ஓடினால் போர்டு வேகமிழந்து படுத்துவிடும். திரும்பி நுரைக்கு வரும் கட்பேக்கைப் பழக, 50 லிட்டரை ஒட்டிய, மூன்று ஃபின் (போர்டின் அடியில் இருக்கும் துடுப்பு) கொண்ட சாஃப்ட் டாப் (மேல்புறம் மென்மையான போர்டு) நல்ல தேர்வு. நுரை முட்டினாலும் எளிதில் கவிழாது. மேலே விழுந்தாலும் அடி குறைவு.

வேகம் மிச்சமிருக்கும்போதே, சுவரின் மேல்பாதியில் திருப்பத்தைத் தொடங்குங்கள். தாமதித்தால் விளிம்பு தண்ணீரில் சிக்கித் தூக்கி எறியும். பின்கால் ஃபின்களுக்கு மேலே, முழங்கால் மடங்கி, பார்வை நுரையில். நுரையின் நடு உயரத்தில் போர்டின் அடிப்பாகம் பட வேண்டும், விளிம்பு அல்ல. உச்சியில் ஏறினால் அலைக்குப் பின்னால் போய்விடுவீர்கள். மிகவும் கீழே போனால் நுரை போர்டின் முன்நுனியை அமுக்கிவிடும். பட்டதும் பார்வையை அலை ஓடும் திசைக்கு மாற்றுங்கள். தோள் திரும்பும், போர்டும் பின்தொடரும்.

குறைகளும் உண்டு. தடித்த விளிம்பு செங்குத்தான சுவரில் பிடிக்காது. கூடவே வரும் பிளாஸ்டிக் ஃபின்கள் வளைந்து, அழுத்தத்தை விழுங்கிவிடும். ஃபைபர்கிளாஸ் ஃபின் மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் திருகு போட்டு இறுக்கும் வகையில் அது பெரும்பாலும் முடியாது. வாங்கும் முன் அடியைப் புரட்டிப் பாருங்கள். லீஷ் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு) போர்டின் நீளத்துக்குக் குறையக் கூடாது. வெயிலில் போட்டுவைத்தால் மேல்தோல் உப்பிப் பிரியும்.

இடுப்பளவு அலைக்கு இது போதும். தலைக்கு மேல் போனால் கடினப் போர்டுதான்.